கஜபதி கேசரி சாப்பிடவில்லை

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். ஆவடி சேக்காட்டில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், "சுரேகா நர்ஸா? அது ஊசி போட்டா வலிக்காது, பேசினாத்தான் வலிக்கும்" என்று. சொல்லிவிட்டுப் போகட்டும். வீடு வாசல் இல்லாமல் தெருவோரம் படுப்பவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் நடமாடும் வண்டியில் எனக்கு வேலை. "கூட இருக்க ஆள் உண்டா? ஆள் இல்லாம அட்மிஷன் போட முடியாது" என்று வார்டு வாசலிலேயே நிறுத்தி வைப்பவர்களிடம் மல்லுக்கு நிற்க, கொஞ்சம் வாய் இருந்துதான் ஆக வேண்டும்.

அந்த வாயை நான் இரண்டு மாதமாக கஜபதி மேல்தான் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

கஜபதிக்கு அறுபது வயது இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன பட்டறையில் லேத் ஓட்டியவர். பட்டறை மூடியது, மனைவி போய்ச் சேர்ந்தாள், வாடகை வீடு போனது. இப்போது மண்ணூர்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு சாத்திய கடையின் வாசலில் படுக்கை. காலையில் பத்துக் கடைகளுக்கு ஷட்டரைத் தூக்கி, பெருக்கி, தண்ணீர் தெளித்துக் கொடுப்பார். அதில் கிடைப்பதில்தான் சாப்பாடு. யாராவது இரக்கப்பட்டுக் கையில் சில்லறையைத் திணித்தால் முறைப்பார்.

அவருக்குச் சர்க்கரை. வலது பாதத்தில், பெருவிரலுக்கு அடியில், ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். நாங்கள் புதன்கிழமைதோறும் போய்க் கட்டுக் கட்டினோம். இன்சுலின் பாட்டிலும் ஊசியும் கொடுத்து, தானே போட்டுக்கொள்ளவும் கற்றுக் கொடுத்திருந்தோம். லேத் பிடித்த கை, ஒரு கோடுகூடத் தப்பாமல் மருந்தை இழுக்கும். ஆனால் ஒவ்வொரு வாரமும் விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை முந்நூறுக்கு மேல்தான். எங்கள் வண்டி டாக்டர் சிவராமன் மருந்தின் அளவைக் கூட்டினார். மறுபடியும் கூட்டினார். சர்க்கரை அசைந்து கொடுக்கவில்லை. புண் ஆழமாகிக்கொண்டே போனது.

"ஐயா, உண்மையைச் சொல்லுங்க. என்ன சாப்பிடுறீங்க?"

"இட்லி. ராவுக்குச் சப்பாத்தி. வேற ஒண்ணியும் இல்ல சிஸ்டர். கேசரி கீசரி எதுவும் நான் தொட்றதில்ல."

நான் கேசரியைப் பற்றிக் கேட்கவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான் என்று முடிவு கட்டிவிட்டேன். பிறந்த நாள், நினைவு நாள் என்று புண்ணியம் தேட வருகிறவர்களுக்குத் தெருவில் படுப்பவர்கள்தான் கிடைப்பார்கள். கேசரி, சர்க்கரைப் பொங்கல், லட்டு என்று கொண்டுவந்து கொட்டுவார்கள். சோறும் குழம்பும் தர ஒருவருக்கும் தோன்றாது. பசித்தவர் கையில் இனிப்பைக் கொடுத்துவிட்டுச் சர்க்கரை ஏறுகிறது என்று திட்டுவது அநியாயம்தான். தெரிந்தேதான் திட்டினேன்.

நான் திட்டியது போதாது என்று தெருவையே கூட்டு சேர்த்தேன். டீக்கடை திருவேங்கடத்திடம், "இவருக்குச் சர்க்கரை போட்ட டீ கொடுத்தீங்கன்னா நான் உங்க கடை வாசல்லயே உட்கார்ந்துடுவேன்" என்றேன். அவர் ஒரு படி மேலே போய், கஜபதி கடைப்பக்கம் வந்தாலே பன் ஜாடியை உள்ளே தள்ளி வைத்தார். மீன் விற்கும் நாகம்மா, "இன்னா அண்ணாத்தே, சின்னப் புள்ளையாட்டம் திருட்டுத்தனமா துன்னுகினு கீறியே, வெக்கமா இல்ல?" என்று நாலு பேர் முன்னால் கேட்டாள். கஜபதி தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் எங்களோடு பேசுவதையே குறைத்துவிட்டார்.

போன மாதம் ஒரு புதன்கிழமை டாக்டர் கட்டைப் பிரித்தார். நாற்றம் எனக்கே குமட்டியது. விரலைச் சுற்றித் தோல் கறுக்க ஆரம்பித்திருந்தது.

"இன்னும் ஒரு வாரம் பார்க்கிறேன்," என்றார் டாக்டர். "சர்க்கரை இறங்கலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். அங்க காலை எடுத்தாலும் எடுப்பாங்க. உயிர் முக்கியம்."

கஜபதி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒத்தக் காலோட எப்படி டாக்டர் ஷட்டரு தூக்கறது?" என்று மெதுவாகக் கேட்டார். டாக்டர் புதுக் கட்டுத் துணியைப் பிரித்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஒரு மனுஷன் நாக்குக்காகக் காலைக் கொடுப்பானா?

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பினவள் நேரே ஆபீஸ் போகாமல் மண்ணூர்பேட்டையில் இறங்கினேன். ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று தீர்மானம். யூனிஃபார்மை மறைக்க ஒரு துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு திருவேங்கடத்தின் பாய்லர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டேன்.

கஜபதி நொண்டி நொண்டி மூன்று ஷட்டர்களைத் தூக்கினார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். நாகம்மாவின் மீன் பலகைக்கு அடியில் அவளுடைய பெரிய தெர்மாகோல் பெட்டி இருந்தது. மிச்ச மீனும் ஐஸும் ராத்திரி அதில்தான் இருக்கும், அதற்குக் காவலே கஜபதிதான். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூடியைத் திறந்தார். முழங்கை வரை ஐஸுக்குள் கையை விட்டுத் துழாவி, இறுக்கமாகச் சுற்றி ரப்பர் போட்ட பிளாஸ்டிக் பை ஒன்றை வெளியே எடுத்தார்.

"ஒளிச்சு வச்சுல்ல தின்றான்யா!" என்றார் திருவேங்கடம்.

நான் அதற்குள் பாதித் தெருவைத் தாண்டியிருந்தேன். "கொடுங்க அதை!" என்று பையைப் பிடுங்கினேன். "இதுல என்ன இருக்கு? லட்டா, மைசூர்பாகா?"

நான் ரப்பரை அறுத்து, ஒரு பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் சுற்றியிருந்த துணி என்று பிரித்தேன். உள்ளே இன்சுலின் பாட்டில் இருந்தது. கல் மாதிரி விறைத்திருந்தது.

"வெயில்ல கொஞ்ச நேரம் வச்சா எளகிடும், ஊசி போட்டுக்கலாம்னு எடுத்தேன் சிஸ்டர். அதுக்கு ஏன் இப்படிப் பாஞ்சுகினு வர்றே?"

"இதை ஏன்யா ஐஸுக்குள்ள வச்சிருக்கீங்க?"

"மருந்து குடுத்தப்ப உங்க வண்டிலதான் சொன்னாங்க. சில்லுனு வைக்கணும், வெளிய வச்சா கெட்டுப்பூடும்னு. எனக்கு ஊடு கீதா, ஃபிரிட்ஜ் கீதா? நாகம்மாகிட்ட கேட்டேன், வச்சிக்கோன்னுச்சு. இந்தத் தெருவுலயே ரொம்ப சில்லுனு கீற எடம் இதுதான். மீனே கெடாம கீது, மருந்து கெடுமா?"

பாட்டிலை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினேன். நன்றாக இருக்கும் மருந்து பால் மாதிரி ஒரே வெள்ளையாக இருக்கும். இது உருகின பிறகு திரிந்த பால் மாதிரி திட்டுத்திட்டாக நின்றது. இன்சுலின் ஒரு தடவை உறைந்துவிட்டால் அவ்வளவுதான், அதில் சத்து கிடையாது. நாகம்மா ஐஸில் குளிர் இன்னும் ஏற வேண்டும் என்று கல்லுப்பைத் தூவி வைப்பவள். பாட்டில் உறையாமல் என்ன செய்யும்? இரண்டு மாதமாக இந்த மனிதர் நாள் தவறாமல் வெறும் தண்ணீரைத்தான் குத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

கவிழ்த்து வைத்திருந்த மீன் கூடையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணீரும் வந்தது.

"இன்னாச்சு சிஸ்டர்? காலை எடுத்தே ஆகணுமா?" என்று கஜபதி பயந்துபோய்க் கேட்டார்.

"இல்லய்யா. உங்களுக்கு மருந்து கேட்கலைன்னு நினைச்சோம். நீங்க இன்னும் மருந்தே போட்டுக்கலை! இனிமேத்தான் போடப் போறீங்க!"

அந்த நிமிஷம் எனக்கு இருந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? பரீட்சையில் பெயிலானவன், கேள்வித்தாளே தப்பு என்று தெரிந்தால் எப்படி இருப்பான், அப்படி இருந்தது. என் பையில் வேறொருவருக்காக வைத்திருந்த புது பாட்டில் இருந்தது. அதைத் திறந்து வழக்கமான அளவை ஊசியில் இழுத்தேவிட்டேன். அப்புறம்தான் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று போன் போட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் மறுமுனையில் கத்தினார். "போடாதே! போடாதே சுரேகா! கெட்டுப்போன மருந்துக்கு ஏத்திக்கிட்டே போன அளவும்மா அது. நல்ல மருந்துல அவ்வளவு போட்டா சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கி ஆள் மயங்கிடுவார். இப்ப போடற அளவுல பாதிகூட வேணாம், நான் சொல்ற அளவை மட்டும் போடு. அதுவும் சாப்பாடு முன்னால இருந்தாத்தான் ஊசி."

ஊசியில் இருந்ததைத் தரையில் பீய்ச்சிவிட்டு, டாக்டர் சொன்ன புது அளவை இழுத்தேன். கஜபதியைக் கைத்தாங்கலாக அம்மா உணவகத்துக்குக் கூட்டிப் போய், இட்லித் தட்டு கைக்கு வந்த பிறகுதான் ஊசி போட்டேன். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆபீஸில் அன்றைக்கு எனக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டார்கள். போடட்டும்.

அடுத்த சிக்கல், புது பாட்டிலை எங்கே வைப்பது? சித்திரை வெயிலில் வெளியே வைக்க முடியாது. திருவேங்கடத்தின் பால் ஃபிரிட்ஜைக் கேட்டேன். "ஊசி மருந்தைப் பால் பக்கத்துல வச்சா எவன் இங்க டீ குடிப்பான்?" என்றார். மருந்துக் கடையோ பத்து மணிக்குத்தான் திறக்கும்.

அதற்குள் நாகம்மா சரக்கோடு வந்து இறங்கினாள். நடந்ததைச் சொன்னதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னா சொல்ற நீ? என் ஐஸு கெட்டதா? காசிமேட்டுலேர்ந்து வர்ற ஐஸு சிஸ்டர் அது!"

"ஐஸ் மேல தப்பு இல்லக்கா. மருந்துதான் அவ்வளவு குளிர் தாங்காது. மண்பானைத் தண்ணி இருக்கும் பாருங்க, அந்தக் குளிர்ச்சி போதும்."

அவள் முறைத்தாள். கஜபதியின் காலைப் பார்த்தாள். பிறகு வாய்க்குள் என்னென்னவோ திட்டிக்கொண்டே போனவள், திரும்பி வரும்போது இடுப்பில் ஒரு பெரிய பானையும் அதற்குள் அடங்குகிற மாதிரி ஒரு குட்டிப் பானையும் கொண்டுவந்தாள். நடுவில் மணலைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினோம். குட்டிப் பானைக்குள் பாட்டில், மேலே மூடி, அதன்மேல் ஈரத்துணி. பானை அவளுடைய பலகைக்குப் பின்னால், நிழலில் உட்கார்ந்தது. வேளாவேளைக்கு மணலை நனைப்பது அவள் பொறுப்பு. பொறுப்பை நான் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள்.

ஆபீஸிலும் சும்மா இருக்கவில்லை. இப்போது எங்கள் வண்டியில் யாருக்கு மருந்து கொடுத்தாலும் முதல் கேள்வி, "இதை எங்க வைப்பீங்க?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்த பிறகுதான், வேலப்பன்சாவடி பாலத்தடியில் ஒரு அம்மா மாத்திரைகளை மழைக்குப் பயந்து பக்கத்துக் கோயில் உண்டியலுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, நடை சாத்தும் நாளெல்லாம் மாத்திரை இல்லாமல் இருந்தது தெரிந்தது. மருந்தைக் கொடுத்தோம், வைக்க இடம் கொடுக்கவில்லை.

புதன்கிழமை வந்தது. காலையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வண்டி மண்ணூர்பேட்டையில் நின்றதும் கஜபதி ஏறிப் படியோரம் உட்கார்ந்தார். நாகம்மா வியாபாரத்தை அப்படியே போட்டுவிட்டு வந்து வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஒரு ஆள், "நாகம்மா, என் சங்கரா மீனைச் சுத்தம் பண்ணிட்டுப் போ" என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விரலில் குத்தினேன். நூற்று எண்பது. எனக்கே நம்பிக்கை வராமல் இன்னொரு விரலில் குத்தினேன். அதே கணக்குதான். டாக்டர் கட்டைப் பிரித்தார். நாற்றம் இல்லை. கறுப்பு பரவாமல் நின்றிருந்தது, புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகச் சதை எட்டிப் பார்த்தது. டாக்டர் சுற்றிலும் அழுத்திப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம். ஆற ரெண்டு மூணு மாசம் ஆகும், கட்டு தொடர்ந்து கட்டணும். ஆனா இந்தக் காலை யாரும் எடுக்கப் போறதில்ல."

"அடி ஆத்தா!" என்று நாகம்மா தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே ரோட்டில் உட்கார்ந்தாள். நான் டாக்டர் முன்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கஜபதி மட்டும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. புதுக் கட்டுப் போட்டு முடிக்கும் வரை பொறுமையாக இருந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சிஸ்டர், ஒண்ணு கேட்டா செய்வியா?"

"சொல்லுங்கய்யா."

"நான் துன்னலன்னு அவுங்ககிட்ட சொல்லிடு. நான் சொன்னா எவனும் நம்ப மாட்டான். நீ சொன்னா நம்புவானுங்க."

முகாம் அறிவிப்பு செய்ய வண்டியில் ஒரு மைக் உண்டு. அதை எடுத்து ஸ்பீக்கரைப் போட்டேன். டாக்டர், "சுரேகா, என்ன பண்றே?" என்றார். நான் கேட்கவில்லை.

"மண்ணூர்பேட்டை கடைக்காரங்க எல்லாரும் கேளுங்க! நம்ம கஜபதி ஐயா கேசரி சாப்பிடலை! லட்டு சாப்பிடலை! ஒரு நாள்கூட ஊசியைத் தப்ப விடலை. மருந்துதான் கெட்டுப்போயிருந்தது. அவர் முதல் நாளிலேர்ந்து உண்மையைத்தான் சொன்னார். நான்தான் நம்பலை. நாமதான் நம்பலை!"

துணிக்கடையில் புடவை விரித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டீக்கடையில் திருவேங்கடம் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு நின்றார். கீழேயிருந்து நாகம்மா, "ஐஸ் மேல தப்பு இல்லன்னும் சேர்த்துச் சொல்லு!" என்று கத்தினாள்.

கஜபதி படியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, தெருவில் இருந்த ஒவ்வொரு முகமாக நேருக்கு நேர் பார்த்தார்.

"இன்னொருவாட்டி சொல்லு சிஸ்டர்," என்றார். "அந்தக் கோடிக் கடைக்குக் கேட்டிருக்காது."