இறந்த இடம்

1963. மகனின் முதலாண்டு நினைவு அட்டைக்காகப் பாக்கியவதி டீச்சர் எழுதித் தந்த தாளை, சிவகாசி அச்சகத்தில் மாரிசாமி இருமுறை படித்தார்.

"இறந்த இடம் விட்டுப்போச்சே, டீச்சர். எல்லாரும் போடுவாகளே."

பட்டாளத்திலிருந்த மகன் நேசகுமாரை ரகசியமாக எல்லை தாண்டி அனுப்பினார்கள். அங்கேதான் செத்தான் என்று உடனிருந்த சிப்பாய் வந்து சொன்னான். பின்னாலேயே வந்த அதிகாரி, "நம் நாடு அடுத்தவர் மண்ணில் கால் வைக்காது அம்மா" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லி, லாரி விபத்து என்றிருந்த தாளில் கையெழுத்து வாங்கிப் போனார். அதே வாக்கியத்தை வகுப்பில் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

"ஊர் பேரு வேண்டாம்னா, இந்தியான்னு மட்டும் போடட்டுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. பொய்க்கு ஒருக்கா கையெழுத்துப் போட்டுட்டேன். கோயில்ல ஆராதனை முடிஞ்சு கொடுக்கிற அட்டையிலயும் அவன் சாவைத் திருத்த மாட்டேன்."

மாரிசாமி இறந்த இடத்துக்கான வரியை வெறுமையாக விட்டு அச்சுக்கோத்தார்.