மூன்று பேர் நின்ற படம்

மாரிச்செல்வி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் செத்த அன்றே கலைந்துபோன பாட்டுக்குழு, இருபது வருஷம் கழித்து, மிச்சமிருந்த மூவரோடு புது ஆல்பம் போட்டது. சிவகாசி அச்சகத்தில் அதன் போஸ்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாடகி ரோஷினி ஈரம் காயாத ஒரு தாளை ஆசையாய் எடுத்தாள். படத்துக்கு நின்றவர்கள் மூன்று பேர்தான். தாளில் நான்கு பேர் இருந்தார்கள். நான்காவதாக மாரிச்செல்வி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீக," என்றார் மிஷின்காரர் தங்கப்பாண்டியன். "காலையில உங்க பழைய ஆல்பம் போஸ்டரத்தான் ஓட்டுனோம். அந்தப் படத்தோட மை மிஷின் ரப்பர் உருளையில ஒட்டியிருக்கு. தொடச்சா போயிரும்."

ரோஷினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேயாவது, பிசாசாவது என்று தன்னையே திட்டிக்கொண்டு தாளை வெளிச்சத்தில் பிடித்தாள்.

பழைய போஸ்டரில் மாரிச்செல்விக்கு இருபது வயசு. இந்தத் தாளில் அவளுக்கும், ரோஷினியைப் போலவே, காதோரம் நரைத்திருந்தது.