தனியே நின்ற சாய்கோடு

வினாத்தாள் அடிக்கும் அந்த அலுவலகத்தின் கிழட்டுக் கணினியில் ≠ என்ற 'சமமில்லை' குறி கிடையாது. எத்தனை முறை சொல்லியும் மேலதிகாரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேறு வழியில்லாமல், அங்கே தட்டச்சு செய்யும் அவள் சமக்குறியை அடித்து, அதன்மேல் ஒரு சாய்கோட்டைத் தனியாக வரைந்து வைப்பாள். அச்சுக்குப் போகும் கடைசி நேரத்தில் அந்தப் புண்ணியவான் தலைப்பில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தாள். எழுத்தெல்லாம் ஒரு வரி கீழே இறங்கியது; வரைந்த கோடு மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

தேர்வு முடிந்த மாலை, அக்கா மகள் வினாத்தாளும் கையுமாக அழுதுகொண்டிருந்தாள்.

"பதினேழாவது கேள்வியப் பாருங்க சித்தி. எக்ஸ் சமம் ரெண்டுன்னு குடுத்திருக்காங்க, அதைப் போட்டா கீழே பூஜ்யம் வருது. பூஜ்யத்தால எப்படி வகுக்கறது? முக்கால் மணி நேரம் அதுலயே போச்சு. கடைசி மூணு கேள்வியைத் தொடவே முடியல."

வாங்கிப் பார்த்தாள். ஒரு வரி மேலே, வெற்றிடத்தில், அவள் வரைந்த கோடு தனியே நின்றது. எந்தத் தாளை அடித்தோம் என்று வீட்டிலும் மூச்சுவிட மாட்டேன் எனக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வாயைத் திறந்தால் வேலை போய்விடும்.

"கேள்வியே தப்போ என்னவோ," என்றாள் மெல்ல.

"அச்சுல வந்தது எப்படி சித்தி தப்பா இருக்கும்? எனக்குத்தான் மண்டையில ஒண்ணும் இல்ல," என்று சித்தியின் மடியிலேயே முகம் புதைத்தாள் அவள்.