மேல் வீட்டுக் கதவு

திரையில் அந்த வீட்டைப் பார்த்ததும் சந்திரிகா எழுதுவதை நிறுத்தினாள்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ஒரு துணிக்கடையின் மேல்மாடி. அன்று காலை அங்கே பன்னிரண்டு டிவிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் ஆளை உட்கார வைத்திருந்தார்கள். எல்லோரும் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். தி. நகரில் நகைக்கடை வைத்திருக்கும் ஜவஹர், பேங்க் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிய சீதா என்று விதவிதமான ஆட்கள். கன்ட்ரோலரை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அவர்களுக்குப் பின்னால் நோட்டோடு நின்று, யார் எங்கே சலித்துக்கொள்கிறார்கள், யார் எழுந்து போகிறார்கள் என்று குறித்துக்கொள்வது சந்திரிகாவின் வேலை.

டோரிமா என்ற கேம் கன்சோலைச் செய்யும் கம்பெனியின் சென்னை அலுவலகத்தில் அவள் ஒன்பது வருடமாக இருக்கிறாள். எட்டு வயதில் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கிக்கொண்டு பதின்மூன்று வயதில் பரணில் போட்டுவிடுகிற பெட்டி என்று டோரிமாவுக்கு ஒரு பெயர். அதை மாற்றியே ஆக வேண்டும் என்று தலைமையகம் முடிவெடுத்திருந்தது. வயதில் பெரியவர்கள் உட்கார்ந்து ஆடக்கூடிய விளையாட்டுகளைத் தேட வேண்டும்; போட்டிக் கம்பெனிகள் மோப்பம் பிடிப்பதற்குள் பேசி முடிக்க வேண்டும்; ஒரு வருடத்துக்கு டோரிமாவைத் தவிர வேறெதிலும் வராது என்று எழுதி வாங்க வேண்டும். இந்தியாவில் அந்தப் பொறுப்பு சந்திரிகாவின் தலையில் விழுந்தது.

'ஏறும் தண்ணீர்' அப்படித் தேடிக் கிடைத்த விளையாட்டு. அவள் லீவில் இருந்த வாரம் உடன் வேலை பார்க்கும் வெங்கடேஷ் தேர்ந்தெடுத்தது. அடையாறில் தல்ஹா என்பவரும் மணிமொழி என்பவரும் சேர்ந்து செய்தது என்பதைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது. துப்பாக்கி கிடையாது, பேய் கிடையாது. தரைத்தள வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண்; உள்ளே வரும் வெள்ளம். அவ்வளவுதான்.

ஆனால் அந்த வீடு! ஹாலின் மூலையில் மாடிப்படி. நாலாவது படியில் ஒரு முனை உடைந்திருந்தது. படி திரும்பும் இடத்தில் கம்பி போட்ட ஜன்னல். படி முடியும் இடத்தில், மேல் வீட்டுக்குப் போகிற பச்சைக் கதவு.

கோட்டூர்புரத்தில் ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த வீடு அது. அந்தப் பச்சைக் கதவுக்குப் பின்னால் சந்திரிகா மூன்று வருடம் குடியிருந்திருக்கிறாள்.

ஜவஹரின் திரையில் தண்ணீர் இடுப்பளவு ஏறியிருந்தது. அவர் அந்தப் பெண்ணைப் படியேற்றிக் கதவுக்கு முன் நிறுத்தினார். பொத்தானை அழுத்தினால் அவள் கதவைத் தட்டுவாள். தட்டினார். மறுபடி தட்டினார். உள்ளே ஒரு குழந்தை அழுவது கேட்டது. மூன்று விநாடிதான். யாரோ வாயைப் பொத்தியது போல அழுகை சட்டென்று நின்றது.

சந்திரிகாவின் கையிலிருந்து பேனா நழுவியது.

"உள்ள ஆள் இருக்காங்க!" என்று ஜவஹர் திரும்பிப் பார்த்துக் கத்தினார். "எப்பம்மா தொறப்பாங்க?"

"தெரியல சார்," என்றாள்.

அவர் நாற்பது நிமிடம் தட்டினார். அந்த ஹாலில் இருந்த பன்னிரண்டு பேரும் அங்கே வந்து நின்று தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். சீதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினாள். ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

பத்து வருடத்துக்கு முந்தைய டிசம்பர் அது. சந்திரிகாவின் கணவர் வேலையாக ஹைதராபாத்தில் இருந்தார். மேல் வீட்டில் அவளும் ஐந்து வயது ஷண்முகப்ரியாவும் மட்டும். கீழ் வீட்டில் ஜமீலுன்னிசா. பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்; அவள் மகன் எங்கோ வெளியூரில் படித்துக்கொண்டிருந்தான். விடிகிற நேரத்தில் தண்ணீர் வந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. கீழே பீரோ சாய்கிற சத்தம், பாத்திரங்கள் மிதந்து இடிக்கிற சத்தம். பிறகு கதவு தட்டும் சத்தம்.

"சந்திரிகா, கதவத் தொறம்மா. தண்ணி ஏறுது."

அவள் ஓடிவந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள். கதவுக்கு அடியிலிருந்து ஈரம் கசிந்து அவள் பாதத்தில் பட்டது. அந்தக் கணத்தில் அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: திறந்தால் ஆறே உள்ளே வந்துவிடும், குழந்தையை அடித்துக்கொண்டு போய்விடும். அது பைத்தியக்காரத்தனம் என்று அடுத்த நாளே அவளுக்குத் தெரிந்தது. அன்று தெரியவில்லை. கை தாழ்ப்பாளிலேயே உறைந்துவிட்டது. பின்னால் குழந்தை அழுதபோது இன்னொரு கையால் அதன் வாயைப் பொத்தினாள்.

ஒரு மணி நேரம் இருக்கும். கடைசியில் பட்டினப்பாக்கத்திலிருந்து மீனவர்கள் படகோடு வந்தார்கள். மாடிப்படி ஜன்னலின் கம்பியை யாரோ உடைப்பது கேட்டது. "யம்மா, பயப்படாத. நான் கீறேன்ல, கையக் குடு," என்று ஒரு மீனவர் சொன்னதும், ஜமீலுன்னிசா இருமிக்கொண்டே படகில் ஏறியதும் கேட்டது. அதன் பிறகு வந்த படகில் சந்திரிகா போனாள். பத்தே நாளில் தி. நகருக்கு வீடு மாறினாள். நடந்ததைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. கோட்டூர்புரம் வழியாகப் போகிற பஸ்ஸில்கூட அதற்குப் பிறகு அவள் ஏறியதில்லை.

மயிலாப்பூர் சோதனைக்கு மறுநாள் மேலாளர் ஆனந்தகுமார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"தலைமையகத்துல துள்ளிக் குதிக்கிறாங்க சந்திரிகா. சின்னப் பசங்க இருபது நிமிஷத்துல விட்டுட்டுப் போன கேம். நாப்பத்தஞ்சுக்கு மேல இருக்கறவங்க அசையவே இல்ல! இதத்தான தேடிக்கிட்டு இருந்தோம்? ஆனா ஒரு கண்டிஷன். கதவுக்குப் பின்னாடி யார் இருந்தாங்கன்னு ஒரு தனி அத்தியாயம் வேணுமாம். டோரிமால மட்டும்தான் வரணும். வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தத் தல்ஹாகிட்ட பேசி கையெழுத்து வாங்கிடு."

"வெங்கடேஷ அனுப்பலாமே சார்."

"அவனுக்குப் பேச வராது. நீ போ."

அந்த மூன்று நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் யாராவது காலிங் பெல் அடித்தால் தூக்கிவாரிப் போட்டது. குழந்தையின் அழுகை நின்ற விதம்கூட அதில் இருக்கிறதென்றால், செய்தவனுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தன் பெயரும் தெரிந்திருக்குமா? தெரிந்துதான் டோரிமாவுக்கு அனுப்பினானா? நேரில் போய் நின்றதும், "நீங்கதானா அது?" என்று கேட்பானா? வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தாள். ராஜினாமாக் கடிதம் எழுதி அழித்தாள். பத்து வருடம் ஓடியாயிற்று, இன்னும் எங்கே ஓடுவது என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை அடையாறில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த ஸ்டூடியோவுக்குப் போனாள். தல்ஹா முப்பது வயது இளைஞன். அவளைப் பார்த்து, எந்தக் கள்ளமும் இல்லாமல் சிரித்தான். அவனுக்குத் தெரியாது. மணிமொழி டீ கொண்டுவந்து வைத்தாள்.

தனி அத்தியாயம் என்றதும் தல்ஹாவின் முகம் சுருங்கியது.

"முடியாது மேடம். அந்தக் கதவுக்குப் பின்னாடி யாருன்னு எனக்கே தெரியாது. இது எங்க அம்மிக்கு, எங்க அம்மாவுக்கு நடந்தது. அவங்க அந்த வீட்டுக்கு வந்து ரெண்டு மாசந்தான் ஆயிருந்துச்சு, நான் அப்ப கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல இருந்தேன், அங்க வந்ததே இல்ல. வருஷக்கணக்கா அவங்க இதப் பத்திப் பேசவே இல்ல. போன வருஷந்தான் ஒவ்வொண்ணா சொன்னாங்க. பேர் மட்டும் சொல்ல மாட்டேங்கறாங்க. வீட்டுக்காரர் வித்துட்டு வெளிநாடு போயிட்டார், அவரையும் கேக்க முடியல." அவன் டீயைத் தள்ளி வைத்தான். "தெரிஞ்சா, ஏன் தொறக்கலன்னு ஒரே ஒரு கேள்வி கேப்பேன். அதுக்குமேல எதுவும் வேணாம்."

எழுந்துவிடலாம் என்று சந்திரிகா பையை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து வெளியே படியில் யாரோ மெதுவாக ஏறி வரும் சத்தம் கேட்டது.

"அம்மிதான். கேமுக்காக இன்னிக்கு இருமல் சத்தம் ரெகார்ட் பண்ண வரச் சொல்லியிருந்தோம்," என்றாள் மணிமொழி.

ஓடுவதற்கு வேறு வழி இல்லை. ஜமீலுன்னிசா வாசலில் வந்து நின்று மூச்சு வாங்கினாள். இளைத்திருந்தாள். சந்திரிகாவை ஏறிட்டுப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். கண்டுகொண்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"இன்னாடா, விருந்தாளியா?" என்று மகனைக் கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

காட்டிக்கொடுக்க மாட்டாள். சந்திரிகா இப்போது எழுந்து போனால் போகலாம், அந்த வாசல் அவளுக்காகத் திறந்தே கிடந்தது. அதுதான் அவளைப் பிடித்து உலுக்கியது.

"நான்தான் தல்ஹா," என்றாள். "மேல் வீட்டுல இருந்தது நான்தான்."

தல்ஹா எழுந்தான், அவன் இடித்ததில் டீ கொட்டியது. என்னவோ சொல்ல வாயெடுத்தான். ஜமீலுன்னிசா கையை உயர்த்தி அவனைத் தடுத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. உள் ரூம்ல இருந்தியா, கதவாண்ட இருந்தியா?"

"கதவுகிட்டதான்க்கா. தாழ்ப்பாள் மேல கை இருந்துச்சு. தொறக்க வரல. பயந்துட்டேன்."

"கொழந்த அழுததும் கேட்டுது, மூச்சு சத்தமும் கேட்டுது எனக்கு," என்றாள் ஜமீலுன்னிசா. "யாருமே இல்லன்னு படகுக்காரனுங்க சொன்னானுங்க, தண்ணில மூச்சு முட்டுனதால அப்பிடித் தோணுச்சுன்னு. எனக்குத்தான் மூள குழம்பிப் போச்சோன்னு பத்து வருஷமா நெனச்சிக்கினு இருந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உன்ன மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல. அது எனக்கு வரல. ஆனா கேட்டது பொய்யில்ல, அது போதும்."

தல்ஹா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். "மேடம், நீங்க கெளம்புங்க," என்றான். அந்த ஒரே கேள்வியை அவன் கேட்கவே இல்லை.

அலுவலகத்துக்கு வந்து ஆனந்தகுமாரிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்கள் விரிந்தன. அனுதாபத்தால் என்றுதான் முதலில் அவள் நினைத்தாள்.

"சந்திரிகா, இதுக்குமேல என்ன வேணும்? கதவுக்குப் பின்னாடி நெஜமாவே இருந்த ஆளே நம்ம கம்பெனியில! நீயே சொல்லு, நாம எழுதிப்போம். விளம்பரத்துக்கு உன் முகத்தையும் வெச்சா..."

அவளுக்குப் பயமாக இருந்தது. வெள்ளத்தன்று வந்த பயம் வேறு, இது வேறு. இவர்கள் தன் மகளின் அழுகையையும் தன் கையையும் எடுத்துப் பெட்டியில் போட்டு விற்றுவிடுவார்கள்.

"முடியாது சார். அது நான் குடுக்கக்கூடியது இல்ல. அந்த அம்மாவோடது."

"வேலை போயிடும், தெரியுமா?"

"தெரியும்."

அன்றே தலைமையகத்துக்கு அவள் நேராக எழுதினாள். இந்த விளையாட்டில் தனக்குச் சொந்தத் தொடர்பு இருப்பதால் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்வதாக முதல் வரியில் சொன்னாள். பிறகு மயிலாப்பூரில் பார்த்ததை எழுதினாள்: பன்னிரண்டு பேரும் அந்தக் கதவு திறக்காததால்தான் உட்கார்ந்திருந்தார்கள், அந்த வயதுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் தட்டிய கதவு ஒன்று இருக்கும், திறக்காமல் விட்ட கதவும் ஒன்று இருக்கும், அதற்குப் பின்னால் இன்னார் இருந்தார் என்று காட்டிவிட்டால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். இருப்பதை இருக்கிறபடியே வாங்குங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பதில் வர ஆறு நாளாயிற்று. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். தனி அத்தியாயம் இல்லாமல், ஒரு வருடத்துக்கு டோரிமாவில் மட்டும் என்று வெங்கடேஷ் போய்க் கையெழுத்து வாங்கி வந்தான். சந்திரிகாவின் வேலை போகவில்லை. ஆனால் ஆனந்தகுமார் அவளை விளையாட்டுத் தேடலிலிருந்து எடுத்து, பழுதான கன்சோல்களைத் திருப்பி வாங்கும் பிரிவில் போட்டார். தல்ஹா பிறகு அவளோடு பேசவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சந்திரிகா நடந்ததையெல்லாம் மகளிடம் சொன்னாள். பதினைந்து வயது ஷண்முகப்ரியா குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும், "அவங்க போன் நம்பர் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

மணிமொழியிடம் கேட்டு நம்பரை வாங்கினார்கள். மூன்று நாள் அடித்தபோதும் யாரும் எடுக்கவில்லை. நாலாவது நாள் ஜமீலுன்னிசாவே கூப்பிட்டாள்.

"கொழந்தையக் கூட்டிக்கினு வா," என்றாள். "கொட்டிவாக்கத்துல, மூணாவது மாடி. லிஃப்ட் வேல செய்யாது."

இருவரும் போனார்கள். மாத்திரை, முழங்கால் வலி, ஷண்முகப்ரியாவின் பரீட்சை என்று ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வெள்ளத்தைப் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை. கிளம்பும்போது, அடுத்த முறை வரச் சொல்லுவாளா மாட்டாளா என்ற பயத்தோடு சந்திரிகா செருப்பை மாட்டினாள். ஜமீலுன்னிசா ஷண்முகப்ரியாவின் பள்ளிப் பையில் ஓரம் பிரிந்திருந்ததைப் பார்த்துவிட்டு, அதை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள், தைத்துத் தர.