தடைக்காலத்துச் சதுரம்

தொண்டியில் போர்வைக்குப் பெரிய வேலை கிடையாது. வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்கள் ஆளுக்கொரு புலிப் படம் போட்ட கனத்த போர்வையைச் சுமந்து வருவார்கள். அது பாலித்தீன் உறை பிரிக்கப்படாமல் பீரோவின் தலையில் ஏறி, குடும்ப கௌரவமாக அங்கேயே உட்கார்ந்துவிடும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு போர்வைக்காக சஃபீர் சோறு தண்ணி மறந்தான் என்றால் அதற்குக் காரணம் அவன் தங்கை லாமியா.

லாமியா ராமநாதபுரத்தில் பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறாள். எந்த வாட்ஸ்அப் குழுவில் சேரச் சொன்னாலும் சேர்ந்துவிடுவாள். அப்படிச் சேர்ந்ததுதான் 'ஊருக்கொரு சதுரம்' என்ற குரோஷாப் பின்னல் குழு. மாவட்டத்துக்கு ஒருவர், தம் மாவட்டத்தின் ஒரு பருவத்தை உல்லன் நூலில் பதினைந்து சென்டிமீட்டர் சதுரமாகப் பின்னித் தர வேண்டும். எல்லாவற்றையும் மதுரையில் சேர்த்துத் தைத்து, நீலகிரியில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போர்வையாக அனுப்புவார்கள். முப்பத்தெட்டுச் சதுரத்தை எப்படி அடுக்கினாலும் போர்வையாக வரவில்லை, ஒன்று தோள் துண்டாக வந்தது, இல்லையென்றால் மூலையில் ஓட்டை விழுந்தது. ஆகவே சென்னைக்கு மட்டும் மூன்று என்று ஒதுக்கி நாற்பதாக்கினார்கள். இதில் யாருக்கும் ஆச்சரியம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

தொண்டி இருக்கும் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு யாரும் கை தூக்காததால் லாமியா தூக்கினாள். நூல் வந்தது, ஊசி வந்தது, கூடவே செமஸ்டர் தேர்வும் வந்தது. இரண்டு வாரம் யூடியூபைப் பார்த்துப் பார்த்து அவள் ஒன்றைப் பின்னி முடித்தபோது, கூடத்தில் வலையை விரித்துப்போட்டுப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்த சஃபீர் எட்டிப் பார்த்தான்.

"ஏபுள்ள, என்னது இது, சமோசாவா?"

"சதுரம்."

"எத்தன மூலைன்னு எண்ணிப் பாத்தியா?"

"ரொம்பப் பேசாத காக்கா. நீ பின்னு பாப்போம்." அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"எனக்கு வேற சோலி இல்லையா?"

"இல்ல," என்றார் உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்த உம்மா சாலிஹா. "ஜூன் பதினாலு வரைக்கும் இல்ல."

அது உண்மை. மீன்கள் நிம்மதியாகக் குஞ்சு பொரிக்கட்டும் என்று வருடத்தில் அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. சஃபீர் போகும் படகு பாக்கருடையது. அதுவும் கரையேறிக் கிடந்தது. வலை பொத்துவது தவிர அவனுக்கு வேலை இல்லை.

இருந்தாலும் அவன் ஊசியைத் தொட்டிருக்க மாட்டான். லாமியா சும்மா இராமல் போன வருடத்துப் போர்வையின் படத்தைக் காட்டினாள். ஒவ்வொரு சதுரத்துக்கும் கீழே விரல் அகலத்தில் ஒரு துணிப்பட்டை இருந்தது. சஃபீர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். பட்டையில் பெயர்கள் இருந்தன.

"இது என்ன, பேரா?"

"ஆமா. யாரு பின்னுனாங்களோ அவங்க பேரு, அவங்க ஊரு."

சஃபீர் படத்தை இன்னும் பெரிதாக்கினான். ஏழு வருடமாக அவன் முடிச்சுப் போடுகிறான். வலையின் மிதவைகளில் எல்லாம் பாக்கரின் பெயர்தான் பெயிண்டில் இருக்கும். படகிலும் அதுவே. சஃபீர் கைபட்ட வலை பாக் நீரிணையில் இழுபடாத இடம் இல்லை. ஆனால் எந்த வலையைப் பார்த்தும் இது சஃபீர் வேலை என்று யாரும் சொன்னதில்லை. மீன்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவை திரும்பிப் போய்ச் சொல்லும் நிலையில் இல்லை.

"அந்த ஊசியக் கொண்டா," என்றான்.

அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது. வலைக்காரன் பழக்கத்தில் நூலைக் கால் பெருவிரலில் மாட்டி விறைப்பாக இழுத்துக்கொண்டு, வளையத்துக்குள் வளையம் கோர்த்து நான்கு வரிசை போட்டான். உம்மாவே வந்து பார்த்து "நேராத்தான் வருது" என்றார். அப்போது லாமியா, "இப்பப் பாரு காக்கா" என்று நூல்முனையைப் பிடித்து இழுத்தாள். சர்ரென்று நான்கு வரிசையும் அவிழ்ந்து வெறும் நூலாகத் தரையில் கிடந்தது.

சஃபீருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்ன புள்ள இது!"

"குரோஷா அப்பிடித்தான். தப்பாப் போனா உருவிட்டுத் திரும்பப் பின்னலாம்."

"ஒரு முனையப் புடிச்சு இழுத்தா மொத்தமும் போயிருமா? இத நம்பியா பச்சப்புள்ளைக்குப் போத்துறாங்க?"

வலையில் ஒரு கண் அறுந்தால் அடுத்த கண் நிற்க வேண்டும். அதுதான் அவன் அறிந்த நியாயம். ஆகவே அவன் குரோஷாவைத் திருத்த முடிவு செய்தான். ஒவ்வொரு வளையம் போட்டதும் விரலால் ஒரு சுற்று சுற்றி வலைமுடிச்சு போட்டு இறுக்கினான். அடுத்த வளையம், அடுத்த முடிச்சு. உலகத்தில் இதுவரை யாருக்கும் இந்த யோசனை வராததில் அவனுக்குப் பெருமையாக இருந்தது. ஏன் வரவில்லை என்று அவன் யோசிக்கவில்லை.

அதற்குள் குழுவில் வேறு தகராறு. யார் எந்தப் பருவம் என்று பட்டியல் போட்டார்கள். நீலகிரி பனி எடுத்தது. தேனி சாரல். வேலூர் வெயிலை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ராமநாதபுரம் என்ன என்று கேட்டபோது லாமியாவின் போனை வாங்கி சஃபீர் 'தடைக்காலம்' என்று போட்டான். குழுவை நடத்தும் பூங்கோதை மதுரையில் கணக்கு டீச்சர். உடனே குரல்செய்தி வந்தது.

"தம்பி, இது பருவமா, அரசாணையா?"

சஃபீர் போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டான்.

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர். ஏப்ரல் பதினஞ்சு வரும், ஜூன் பதினாலு போகும். மழகூட இப்பிடித் தேதி தவறாம வராது."

ஒன்பது பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். டீச்சர் ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

சதுரம் முடிந்தது. மேலே முக்கால் பங்கு நீலம், வெறும் கடல், ஒரு படகும் கிடையாது. கீழே ஒரு வரி வெள்ளை மணல். மணலில் நகக்கண் அளவுக்கு ஏழு படகுகள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. லாமியா அதை வாங்கிச் சுவரில் சாய்த்துவைத்தாள். நின்றது. கையால் தட்டினாள். டொக் என்றது.

"காக்கா, இது பலகை."

உம்மா தன் பங்குக்கு அதன்மேல் கொதிக்கிற டீச்சட்டியை இறக்கிவைத்தார். தப்பு அவர்மேல் இல்லை. அதற்கென்றே செய்தது போலத்தான் இருந்தது.

அளந்தால் பதினொன்றரை சென்டிமீட்டர். முடிச்சு நூலைத் தின்னும் என்பது எந்த வலைக்காரனுக்கும் தெரியும். கடலைப் பின்னுகிற சந்தோஷத்தில் சஃபீர் மறந்துவிட்டான். படத்தைப் பார்த்த பூங்கோதை டீச்சர், "ரொம்ப அழகு தம்பி, ஆனா சின்னதா இருக்கு, விறைப்பா வேற இருக்கு. பிரிச்சுட்டு முடிச்சு இல்லாம மறுபடி பின்னிடுங்க" என்று அனுப்பினார்.

பிரிப்பதா? சஃபீர் ஊக்கால் நெம்பினான். பல்லால் கடித்தான். வலை என்ன ஆயிற்று என்று பார்க்க வந்த பாக்கர், "ஏலே, என் வலையப் பாதியில போட்டுட்டு டீச்சட்டிக்கு மெத்த பின்னுறியாமே" என்று கேட்டுக்கொண்டே வாங்கி, தன் பங்குக்குக் கால் மணி நேரம் போராடினார். ஒரு முடிச்சும் அசையவில்லை. "யாரு போட்டதுலே இது?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல முடிச்சு" என்று கீழே வைத்தார். வேறு நேரமாக இருந்தால் சஃபீர் அந்த ஒரு வார்த்தையை ஊரெல்லாம் சொல்லியிருப்பான்.

மறுநாள் காலை குழுவில் சிவகங்கையிலிருந்து செவ்வந்தி என்ற அக்காவின் செய்தி: 'ராமநாதபுரத்துத் தம்பி சிரமப்படுறாப்ல இருக்கு. நான் ஒண்ணு கூடுதலாப் பின்னிருக்கேன். வேணும்னா வச்சுக்கலாம்.'

லாமியா வாசித்துக் காட்டியதும் சஃபீர் எழுந்து நின்றுவிட்டான்.

"சிவகங்கையா? சிவகங்கையே நம்மகிட்ட இருந்து பிரிஞ்சு போன மாவட்டம் புள்ள! நம்ம ஊருக்கு அவங்க பின்னிக் குடுப்பாங்களா?"

"பிரிஞ்சப்ப நீ பொறக்கவே இல்ல."

"அதுக்காக?"

நீலம் தீர்ந்துவிட்டது. உருண்டையில் கொஞ்சம் வெள்ளைதான் மிச்சம். அதை வைத்துச் சுற்றிலும் கரை கட்டினால் அளவு வந்துவிடும். ஆனால் முடிச்சுப் போட்டால் ஒரு பக்கத்துக்கே காணாது. வளையத்தை அப்படியே விட்டால்தான் நான்கு பக்கமும் வரும். சஃபீர் வெகுநேரம் அந்த உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முடிச்சில்லாமல் ஒரு வளையம் போட்டான். நங்கூரம் போடாமல் படகை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தது போலிருந்தது. ஒவ்வொரு வளையத்துக்கும் விரல் தானாகச் சுற்றப் போகும். இடது கையால் அதைத் தட்டி அடக்குவான். இப்படியே மூன்று சுற்று, இரண்டு நாள். கடைசி வளையத்தில் மட்டும் ஒரே ஒரு முடிச்சு போட்டுக்கொண்டான். முடிந்த சதுரத்தை உம்மா வெந்நீரில் ஊறவைத்து, துணிக்குப் போடும் வாசனைத் திரவத்தில் முக்கி, கல்லில் நாலு சாத்து சாத்தினார். பலகை கனத்த தோசை பதத்துக்கு இறங்கியது.

கூரியர் போட நாள் இல்லை. தடைக்காலம் முடிய நான்கு நாள் இருக்கையில் அண்ணனும் தங்கையும் மதுரைக்குப் பஸ் ஏறினார்கள். பஸ் சிவகங்கை வழியாகத்தான் போனது. அந்த ஊர் தாண்டும் வரை சஃபீர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

மதுரையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஜமுக்காளம் விரித்து, முப்பத்தொன்பது சதுரங்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். சுற்றிலும் இருபது பெண்கள். ஹாலில் ஆண் என்று பார்த்தால் சஃபீரும் வாட்ச்மேனும்தான். சென்னை மூன்றிலும் மழையைப் பின்னியிருந்தது. மூன்றாவதில் படகு விட்டிருந்தார்கள். ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அந்த இடத்துக்கு நேர் எதிரே ஐம்பது வயதுப் பெண் ஒருவர் மடியில் ஒரு சதுரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செவ்வந்தி என்று சொல்லாமலே தெரிந்தது.

அவர் மடியில் இருந்தது மிளகாய். களத்தில் கொட்டிக் காயப்போட்ட குண்டு மிளகாய், சிவப்பிலேயே நான்கு வகைச் சிவப்பு. நன்றாக இருந்தது. அதுதான் சஃபீருக்குக் கோபமாக வந்தது.

"எங்க அம்மா வீடு முதுகுளத்தூரு தம்பி," என்றார் செவ்வந்தி. "உங்க மாவட்டத்துல கடல் மட்டுமா இருக்கு? மாசி பங்குனியில அங்கன வந்து பாருங்க, ரோடெல்லாம் மொளகாதேன்."

அவர் சொன்னது நியாயம். சஃபீர் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து நீட்டினான்.

பூங்கோதை டீச்சர் மர ஸ்கேலை வைத்து அளந்தார். நான்கு பக்கமும் பதினைந்து. அமுக்கிப் பார்த்தார். மூலைகளைப் பிடித்து இழுத்தார். சஃபீர் கண்கள் நடுவிலிருந்த கடலில் இல்லை, முடிச்சில்லாத கரையில் இருந்தன. கரை நீண்டது, விட்டதும் திரும்பி வந்து உட்கார்ந்தது. டீச்சர் அதைச் செவ்வந்தியிடம் நீட்டினார். "நீங்க பாருங்க."

செவ்வந்தி புரட்டிப் பார்த்தார். பின்பக்கத்து முடிச்சுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். மேலிருந்து கீழே வரை தடவிவிட்டு, "எத்தன போட்டீக?" என்று கேட்டார்.

"எண்ணலக்கா. ஆயிரத்துக்கு மேல இருக்கும்."

செவ்வந்தி மிளகாயை எடுத்துத் தன் பைக்குள் வைத்தார். "அடுத்த வருசம் ராமநாதபுரம் எனக்கு, இப்பவே சொல்லிட்டேன்."

"அப்ப சிவகங்கைய நான் பின்னுறேன்," என்றான் சஃபீர். ஹால் முழுக்கச் சிரித்தது.

சதுரத்தைக் காலி இடத்தில் அவனே வைத்தான். ஏழு படகும் ஜமுக்காளத்தில் கரை சேர்ந்தன. டீச்சர் துணிப்பட்டைக் கட்டிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்துக் கீழே பொருத்தினார். அச்சில் அடித்த அழகான எழுத்து: 'லாமியா, ராமநாதபுரம்.'

சஃபீர் கை சதுரத்தின் மேல் இருந்தது. அங்கேயே இருந்தது.

"என் பேரு வேணாம் டீச்சர்," என்றாள் லாமியா. "பின்னுனது காக்கா."

"பதிஞ்சது நீதானேம்மா. எல்லாம் போன மாசமே அச்சடிச்சாச்சு. அண்ணன் தங்கச்சிதானே, யார் பேரா இருந்தா என்ன?"

"அது ஒண்ணும் இல்ல டீச்சர்," என்றான் சஃபீர். "யாரு பேரா இருந்தாலும் ஒண்ணுதான்."

குரல் சாதாரணமாகத்தான் வந்தது. கை மட்டும் வரவில்லை. டீச்சர் சதுரத்தின் ஓரத்தைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தார். ஐந்து விரலும் வலைக் கயிற்றைப் பிடித்தது போலப் பிடித்திருந்தன. அவன் முகத்தில் அப்படி ஒரு மரியாதை, கை வேறு யாருடையதோ என்பது போல.

செவ்வந்தி கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தார்.

"டீச்சர், அந்தப் பட்டைய இங்கன தாங்க. இல்லாட்டி தம்பி கையையும் சேத்துத்தான் போர்வையில தைக்கணும்."

பட்டையை வாங்கி மறுபக்கம் திருப்பினார். வெள்ளையாக இருந்தது. ஊசியில் கறுப்பு நூல் கோர்த்து, மடியில் வைத்து, "சொல்லுங்க" என்றார்.

"சஃபீர்."

செவ்வந்தி அச்சுப் போல இல்லாமல், கொஞ்சம் கோணலாக, எழுத்து எழுத்தாகத் தைத்துக்கொண்டு போனார்.

"ஊரு ராமநாதபுரமா?"

"தொண்டி," என்றான் சஃபீர். "தொண்டின்னே போடுங்கக்கா. இடம் பத்துமா?"

"பத்த வைப்போம்."

லாமியா போனை எடுத்துப் படம் பிடிக்கத் தயாராக நின்றாள். மற்ற பெண்கள் எழுந்து வந்து செவ்வந்தியின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். தொண்டியின் கடைசி எழுத்துக்குச் சுழி போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, அவர் பட்டையைச் சதுரத்தின் அடியில் வைத்தார். சஃபீர் குனிந்து ஒரு முறை வாசித்தான். நிமிர்ந்து, மறுபடி குனிந்து இன்னொரு முறை வாசித்தான்.

அதன் பிறகு கையை எடுத்தான்.