கடலடிக் கூடை

அன்று பிற்பகல் சங்கத்து ஐஸ் ஆலையின் அலுவலக அறையில் இருந்தவர்கள் இவர்கள். தலைவர் இராசநாயகம் மேசைக்குப் பின்னால், கடற்பக்க யன்னலுக்கு முதுகைக் காட்டி. பொருளாளர் ரஞ்சினி அவருக்கு வலப்பக்கத்தில். மெக்கானிக் ஸலாஹுதீன் கதவோரத்து வாங்கில், ஸ்பனர் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு. செயலாளராகிய நான், துரைராஜா, எழுதுவதற்கு வசதியாக மேசையின் இடப்பக்க மூலையில். பம்பு ஓட்டும் நதானியேலுக்கும் ஒரு கதிரை போட்டிருந்தோம். அவன் அதை விட்டுவிட்டு, கவிழ்ந்து கிடந்த மீன் பெட்டியில் இருந்தான்.

பேச வேண்டியது ஒன்றுதான். நதானியேலை வேலையில் வைத்திருப்பதா, நிறுத்துவதா?

குருநகர்ப் படகுகளுக்கு ஐஸ் கொடுப்பது எங்கள் ஆலை. ஐஸ் இயந்திரத்தின் சூட்டைத் தணிக்கக் கடல்நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இறங்குதுறையடியில் கடலுக்குள் கிடக்கும் குழாயின் வாயில் துளை போட்ட இரும்புக் கூடை ஒன்று பூட்டியிருக்கிறது. பம்பு அதனூடாகத்தான் நீரை இழுக்கும். வாடைக்காற்றுத் தொடங்கியதிலிருந்து நீர்வரத்துக் குறைந்துகொண்டே வந்தது. இயந்திரம் சூடேறி நடுவழியில் நின்றுவிடும். ஐஸ் கட்டிகள் உள்ளே இறுகாமல் தண்ணீராகவே வந்தன. இரண்டு படகுகளின் மீன் பழுதாகிக் கடலிலேயே கொட்டப்பட்டது. அந்த வீட்டுப் பெண்கள் ஆலை வாசலில் வந்து நின்று ஏசினார்கள்.

தம்பி ஜெனுஷன் போனதிலிருந்து நதானியேலுக்கு வேலையில் மனமில்லை என்பது தலைவரின் கட்சி. ஜெனுஷனின் படகு இறங்குதுறைக்குச் சற்று வெளியே கவிழ்ந்தது. படகு கரைக்கு வந்தது. அவன் வரவில்லை. உடல் கிடைக்காததால் அடக்கமும் நடக்கவில்லை.

"பம்பும் நித்திரை, ஓட்டுறவரும் நித்திரை. ஆர் ஆரைத் தாலாட்டினதோ தெரியேல்லை" என்றார் தலைவர்.

வால்வு முழுக்கத் திறந்துதான் இருக்கிறது, சனிக்கிழமை தவறாமல் சுழியோடிக் கூடையைப் பார்க்கிறேன், கூடை சுத்தம் என்று நதானியேல் சொன்னான். ஆளைப் பிடிக்கமுதல் பம்பைப் பார்ப்போம் என்று ஸலாஹுதீன் எழும்பினார். எல்லோரும் பின்னால் போனோம்.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வெளியேறும் பக்கத்து வால்வு திறந்திருந்தது. மோட்டர் சரியான பக்கம் சுற்றியது, ஆனால் வழக்கத்தைவிடக் குறைவாகவே மின்சாரம் இழுத்தது. தூக்குவதற்கு நீர் போதவில்லை என்பது அதன் பொருள் என்றார். பம்புக்குள் சரளைக்கல் உருள்வதுபோல் ஒரு சத்தம். மணல் ஏறிவிட்டது என்றார் தலைவர். பம்பை நிறுத்தி மூடியைக் கழற்றினால் ஒரு மணி மணலும் இல்லை. உள்ளே சுழலும் தட்டின் விளிம்புதான் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் அரித்துப் போயிருந்தது. இழுக்கும் பக்கத்தில் நீர் தட்டுப்பாடானால் குமிழிகள் உண்டாகி உடையும், அவை இரும்பையே தின்னும் என்று ஸலாஹுதீன் விளங்கப்படுத்தினார். மறுபடி பூட்டி ஓடவிட்டு, இழுக்கும் குழாயின் பொருத்துகள்தோறும் மெழுகுதிரியைப் பிடித்தார். எங்காவது காற்றை உறிஞ்சினால் சுடர் அந்தப் பக்கம் சாய வேண்டும். சுடர் நிமிர்ந்தே நின்றது.

"குழாயிலை ஒண்டுமில்லை. அடைப்புக் கடலுக்குள்ளைதான் கிடக்கு."

நதானியேல் உடனே தான் இறங்குவதாகச் சொல்லிச் சட்டையைக் கழற்றினான். தலைவர் மறித்தார். துறையில் நின்ற கடலட்டை பிடிக்கும் சுழியோடி ஒருவனைக் கூப்பிட்டு, பம்பை நிறுத்தி, அவனை இறக்கினோம்.

அவன் மேலே வந்து, கூடைக்குப் பாவாடை கட்டிவிட்ட விசரன் ஆர் என்று கேட்டான். பிறகு கத்தி வாங்கிக்கொண்டு போய் அறுத்து எடுத்து வந்தான். சாதாளைக் கடற்புல்லும் சொறி என்கிற இழுதுமீனும் பொலித்தீனும் அப்பிய கறுத்த பொதி. அடியில் நெருங்கிய கண்ணுள்ள நீல வலை தெரிந்தது. ஓரத்தில் அடையாளத்துக்கு முடிந்த சிவப்புத் துணியை ரஞ்சினிதான் முதலில் கண்டார்.

"இது ஜெனுஷன்ரை இறால் வலையெல்லோ."

நதானியேல் மறுக்கவில்லை. "கூடையின்ரை ஓட்டை பெரிசு, துரையண்ணை. அவன் உந்தத் தண்ணியுக்கைதான் கிடக்கிறான். பம்புக்குள்ளை போய் அரைபடக் கூடாதெண்டு கட்டினனான்."

சனிக்கிழமைகளில் வலையையும் உதறித்தான் விட்டிருக்கிறான். வாடைக்காற்று அள்ளிவந்த சாதாளை அடுத்த நாளே அதை மூடியிருக்கிறது. கூடை சுத்தம் என்று அவன் சொன்னதில் பொய் இல்லை. வலையைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை, அவன் சொல்லவுமில்லை.

அவன் சீமெந்தில் குந்தியிருந்து அந்தப் பொதியைப் பிரித்துத் தேடத் தொடங்கினான். நாங்கள் சுற்றி நின்றோம். சொறி பட்டுக் கை தடித்தது. சட்டையில் பூட்டும் தெறி ஒன்று அகப்பட்டது. அதைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு எறிந்துவிட்டான். வேறொன்றும் இருக்கவில்லை.

ஸலாஹுதீன் பம்பைப் போட்டார். குழாய் நிறைய நீர் இரைந்து வந்தது. அந்த இரைச்சலில் நதானியேல் இரண்டு கைகளாலும் காதைப் பொத்தினான்.

அறைக்குத் திரும்பி அவரவர் இடத்தில் இருந்தோம். சூடேறிய இயந்திரம் வெடித்து அமோனியா வாயு பரவியிருந்தால் துறையடியில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று தலைவர் கேட்டார். அது நியாயமான கேள்விதான். ரஞ்சினி அவனை எச்சரித்து வைத்துக்கொள்ளலாம் என்று மன்றாடினார். கடைசியில் தலைவரும் இறங்கி வந்தார்.

"இனிக் கட்டமாட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு, நதானியேல். காணும்" என்றார் ரஞ்சினி.

அவன் யன்னலுக்கு வெளியே பார்த்தான். "சொல்லேலாது, அக்கா. கட்டுவன்."

அதோடு முடிந்தது. தலைவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடமையில் கவலையீனம் காரணமாக என்ற இடத்தில் நதானியேல் குறுக்கிட்டான்.

"அந்தச் சொல் மட்டும் வேண்டாம், துரையண்ணை. கவனமாத்தான் கட்டினனான்."

நான் அந்தத் தாளைக் கிழித்தேன். நீர்க்குழாயின் வாயில் அனுமதியின்றி வலை கட்டியமையாலும், இனியும் கட்டுவதாகக் கூறியமையாலும் என்று புதுத்தாளில் எழுதினேன். தலைவர் வாசித்துவிட்டு ஒப்பமிட்டார். வலையைக் கொண்டுபோகலாமோ என்று நதானியேல் கேட்டான். ஸலாஹுதீன் அதை அலசிச் சுருட்டிக் கையில் கொடுத்தார். வீட்டுப் பக்கம் திரும்பாமல் அவன் துறைப் பக்கமாகவே நடந்தான்.

வேலைநீக்கக் கடிதம் பதிவுத் தபாலில்தான் போக வேண்டும் என்பது சங்கத்து விதி. மடித்து, உறையிலிட்டு, முகவரி எழுதி, பசை தடவி ஒட்டினேன். தபாற்கந்தோர் பூட்டமுதல் போய்ச் சேர்ந்தேன். கவுண்டரில் இருந்த பிள்ளை உறையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தாள்.

"குருநகரிலை இருந்து குருநகருக்கோ, ஐயா?"

"ஓம்" என்றேன். அவள் முத்திரை ஒட்டி, அச்சுக் குத்தி, கடிதத்தைச் சாக்குக்குள் போட்டாள்.