ஒரே ஒரு திருத்தம்

குடிகாரனாக நடிப்பது சுலபம் என்றுதான் அந்த வகுப்பில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாலு தள்ளாட்டம், ஒரு ஏப்பம், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டால் வேலை முடிந்தது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் நீல நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் செய்து காட்டியபோது கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. இத்தனைக்கும் அவருடைய சொந்த மகன் குடித்துவிட்டு வந்து வீட்டுக் கதவை உடைத்தவன். சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் அதே கூத்துதான். அழுது அழுது அலுத்துப் போனவர்கள், சிரிக்கக் கிடைத்த இடத்தில் சிரித்துவிட்டுப் போகட்டும்.

நூலகத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும் வகுப்பு அது. குடியை விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்களை வீட்டிலும் தெருவிலும் எப்படித் தாங்கிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுப்பார்கள். சிகிச்சை மையத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் அம்மா வருவார். அக்கம்பக்கத்திலேயே ஒருவரைத் தயார் செய்து பொறுப்பை ஒப்படைத்துவிடுவது அவர்கள் வழக்கம். அப்படித் தேறி வந்தவள்தான் தையல்காரி.

தேறியவள் என்று சும்மா சொல்லவில்லை. அதற்கு முன்னால் அவள் தன் தம்பியைத் திட்டியே திருத்திவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தவள். வாய் அப்படி. அவன் வீட்டுக்குள் காலை வைத்ததுமே வாயை மோந்து பார்ப்பாள், பையைக் கவிழ்த்துக் கொட்டுவாள், ஒரு முறை அறைக்குள் தள்ளி வெளியே பூட்டுப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியும் இருக்கிறாள். அவன் ஜன்னல் கம்பியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். வெல்டர் இல்லையா, கம்பி அவனுக்கு ஒரு பொருட்டா?

வகுப்புக்கு வந்த பிறகுதான் இதெல்லாம் தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. மோந்து பார்க்காதே. பையைத் துழாவாதே. பழசைக் குத்திக்காட்டாதே. பாட்டிலைப் பிடுங்காதே, அவனாகக் கொடுக்கட்டும். தன் கையாலேயே அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தாள். எழுதினது போலவே நடந்தும் காட்டினாள். தம்பி தானாகவே சிகிச்சைக்குப் போனான், திரும்பி வந்தான், ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு சொட்டு தொடவில்லை. பெற்றவர்கள் இருவரும் போன பிறகு அவளுக்கென்று இருக்கும் ஒரே உயிர் அவன்தான். அந்த உயிரைத் திருப்பிக் கொடுத்தது இந்த வகுப்பு என்று நம்பினாள். அதனால் வகுப்பில் சொன்னது அவளுக்கு வேதவாக்கு.

அங்கே இரண்டு சட்டங்கள் உண்டு. நீல நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அவர்தான் குடிகாரர், அதில் இருக்கும்வரை அவர் பேசுவதெல்லாம் நடிப்பு. இல்லாவிட்டால் வகுப்புச் சண்டை வீடுவரை போய்விடும், போயும் இருக்கிறது. இரண்டாவது, நடித்து முடித்ததும் முதலில் பாராட்ட வேண்டும், பிறகு ஒரே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு மேல் சொன்னால் மனசு உடைந்துவிடுமாம்.

டிரைவரின் கூத்தைப் பார்த்துவிட்டு, "இப்படியா இருக்கும்?" என்று, அக்காவோடு வகுப்புக்கு வந்திருந்த தம்பி எழுந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். தள்ளாடவில்லை. குரலை உயர்த்தவில்லை. எதிரே நின்ற அக்காவை நிமிர்ந்து பார்த்து, "இன்னைக்கு மட்டும்க்கா. நாளையில இருந்து சத்தியமா இல்ல" என்றான். அவ்வளவுதான். வகுப்புக்கு வருகிற மருந்துக்கடைக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைக்குட்டையைத் தேடினார். அன்றிலிருந்து நீல நாற்காலி அவனுக்கென்றே ஆகிப்போனது.

அவனுக்காக ஒரு பாட்டிலும் ஏற்பாடாயிற்று. பழைய பாட்டிலில் பால் விடாத டீயை ஊற்றி, வகுப்புப் பீரோவில் வைத்திருந்தார்கள். வந்ததும் அவனே எடுத்துக்கொள்வான். பார்க்கிறவர்களுக்கு அசல் சரக்கு மாதிரியே இருக்கும்.

ஒரு நாள் வீட்டுக்குத் திரும்பும்போது அவன் சொன்னான். "அக்கா, அந்த நாற்காலியில உக்காந்தா நாக்குல பழைய ருசி வருது. வேற யாராவது பண்ணட்டுமே."

"அதனாலதான்டா உனக்கு அவ்வளவு நல்லா வருது" என்றாள் அவள். பெருமையாகத்தான் சொன்னாள். பெருமை வந்துவிட்டால் காது அடைத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

சுகாதாரத் துறையிலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும் வகுப்பே அல்லோலகல்லோலப்பட்டது. டிரைவர் நாற்காலிகளைத் துடைத்தார். தையல்காரி மேசைக்குப் புதுத் துணி தைத்து விரித்தாள். அன்றைய பாடம், குடியை விட்டவன் தடுமாறும் நேரம். தம்பி கைச்செலவுக்குக் கேட்பான், அவள் கொடுக்காமல் பக்குவமாகப் பேசி உட்காரவைப்பாள். ஒத்திகை பார்த்தாகிவிட்டது.

அதிகாரி வந்து உட்கார்ந்த பிறகுதான் தம்பி மாடிப்படி ஏறி வந்தான். தோளில் வேலைப் பை தொங்கியது. கூடத்துக்குள் வராமல் வாசலிலேயே நின்றான்.

"அக்கா, கொஞ்சம் வெளிய வாயேன். பேசணும்."

"இப்பவா? வந்தவரு உக்காந்தாச்சுடா. முடிஞ்சதும் பேசலாம்."

"இல்லக்கா, இப்பவே..."

"எதுவா இருந்தாலும் அப்புறம். போ, போய் உக்காரு." அவன் சட்டைக் காலரைச் சரிசெய்து உள்ளே தள்ளிவிட்டாள். முகம் வெளிறிப் போயிருந்ததைப் பார்க்காமல் இல்லை. புது ஆளைக் கண்ட பயம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். பையை மடியில் வைத்துக்கொண்டான். அதிகாரி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அக்கா, நேத்து பட்டறையில எல்லாரும் குடிச்சாங்க. போகும்போது என் பையில ஒண்ணு வெச்சுட்டாங்க. சும்மா வெச்சுக்கோன்னு சிரிச்சாங்க. தூக்கிப் போட்டிருக்கலாம், போடல. ராத்திரி பூரா தலைமாட்டுலயே வெச்சிருந்தேன்." பையிலிருந்து பாட்டிலை எடுத்தான். "இன்னும் திறக்கல. என்னால முடியும்னு தோணல. என்னைத் திரும்ப மையத்துல கூட்டிட்டுப் போய் விடுக்கா."

ஒத்திகையில் இல்லாத வசனம். டீ பாட்டிலை முன்பே எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, பயல் அதிகாரிக்காகவே புதிதாகச் சேர்த்திருக்கிறான் என்று அவளுக்கு உடம்பெல்லாம் பூரித்தது. விட்டுக்கொடுப்பாளா? அவளும் பாடத்திலிருந்து ஒரு வார்த்தை பிசகாமல் பேசினாள்.

"நீ இதை என்கிட்ட சொன்னதே பெரிய விஷயம்டா. உன்மேல எனக்குக் கோபம் இல்ல. அதை நான் பிடுங்க மாட்டேன். நீயே கொடுப்பேன்னு எனக்குத் தெரியும்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு பாட்டிலை நீட்டினான்.

அதிகாரி கைதட்டிவிட்டார். கூடமே எழுந்து நின்று தட்டியது. தையல்காரி கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். அவள் முதுகுக்குப் பின்னால் அவன் கை நீட்டினபடியே இருந்தது. கைதட்டல் ஓய்ந்த பிறகு பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

முதலில் பாராட்டு. "கண்ணுல தண்ணி வந்துடுச்சு தம்பி" என்றார் டிரைவர். "ஒரே ஒரு திருத்தம். நிஜத்துல ஒருத்தன் இவ்வளவு பொறுமையா வந்து கேக்க மாட்டான். கொஞ்சம் கை நடுங்கினா இன்னும் பொருத்தமா இருக்கும்." மருந்துக்கடைக்காரரும் தலையாட்டினார்.

"சரிங்க" என்றான் தம்பி. நாற்காலியிலிருந்து எழுந்தான். எழுந்துவிட்டால் நடிப்பு முடிந்தது என்பது சட்டம். எழுந்து நின்று அக்காவைப் பார்த்தான். அவள் அதிகாரிக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தாள்.

டீயைக் குடித்துவிட்டு அதிகாரி, இதே பயிற்சியை மற்ற பகுதிகளிலும் நடத்தப் போவதாகச் சொன்னார். "அக்கா தம்பி ரெண்டு பேரும் எல்லா இடத்துக்கும் வரணும்" என்று பயிற்சியாளர் அம்மா அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தம்பியிடம் சொல்லலாம் என்று தேடினாள். எப்போதோ போய்விட்டிருந்தான்.

எல்லாரும் போன பிறகு மேசைத்துணியை மடித்து உள்ளே வைக்கலாம் என்று பீரோவைத் திறந்தாள்.

டீ ஊற்றிய பாட்டில் அங்கேயே, போன வாரம் வைத்த இடத்திலேயே இருந்தது.

அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மூடியைத் திறந்து மோந்தும் பார்த்தாள். புளித்த டீ வாடை அடித்தது. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. பாவி, நீட்டினானே என்று வாய்விட்டே சொன்னாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கி ஓடினாள்.

பட்டறைக்கு விடுமுறை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். பாதி செய்த ஜன்னல் கிராதியில் சாய்ந்துகொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம்.

சுவரில் மாட்டிய அட்டை எல்லாம் மறந்துபோயிற்று. வாயை மோந்து பார்த்தாள். பாட்டிலைப் பிடுங்கி மூலையில் வீசினாள். முதுகில் அறைந்தாள், அறைந்த கையாலேயே கட்டிப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா இப்படிப் பண்ணே? செத்துப் போயிடுவேடா. உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

கேட்டு முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் அவளை மெதுவாக விலக்கினான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவளை யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு கைதட்டினான். ஒரு கை இன்னொரு கையைத் தேடித் தேடித் தட்டியது.

"பிரமாதம்க்கா. நிஜமாவே அழற மாதிரி இருக்கு."

"வேணாம்டா. சாமி, வேணாம்டா."

"ஒரே ஒரு திருத்தம்." விரலைத் தூக்கிக் காட்டினான். டிரைவர் கேட்டதுபோலவே கை நன்றாக நடுங்கியது. "நான் நீட்டினப்பவே நீ வாங்கியிருக்கணும்."